ஷெல்டன் பெயரில் ஒரு லைசென்ஸ்

அரசாங்க அலுவலகத்தில் ஒருவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோனால் அவருடைய மனைவிக்கோ பிள்ளைக்கோ கருணை அடிப்படையில் ஒரு வேலை கொடுப்பார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் தி. நகரில், வெங்கட்நாராயணா சாலையை ஒட்டிய ஒரு சந்தில், எவர்சில்வர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் பதினோரு பேரை வைத்துக்கொண்டு நடக்கும் சாஃப்ட்வேர் கம்பெனியில் அப்படியொரு நியமனம் நடந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நடந்தது. 1998 செப்டம்பர் மாதம், சாந்தோமைச் சேர்ந்த ஃப்ளோரா, வயது முப்பத்தேழு, தன் கணவன் ஷெல்டன் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில், அதே கம்ப்யூட்டருக்கு முன்னால், கருணை அடிப்படையில் உட்காரவைக்கப்பட்டாள்.

இதற்குக் காரணம் கம்பெனி முதலாளி சங்கரன். மயிலாப்பூர்க்காரர். இருபத்தாறு வருடம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அதிகாரியாக இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் தொழிலில் குதித்தவர். குதித்தாரே தவிர பழைய அலுவலகத்தையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் குதித்தார். வருகைப் பதிவேடு உண்டு, தற்செயல் விடுப்புக்குப் படிவம் உண்டு, இருபத்துமூன்று வயது புரோகிராமர்கள் அதை நிரப்பி மேலொப்பம் வாங்க வேண்டும். இறந்த ஊழியரின் குடும்பத்துக்கு வேலை கொடுப்பதும் அந்த மூட்டையில் இருந்ததுதான். அதில் கருணை இருந்தது, பொய்யில்லை. கொஞ்சம் கணக்கும் இருந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

ஷெல்டன் மஞ்சள் காமாலையில் பதினோரே நாளில் போனான். ஆகஸ்ட் பன்னிரண்டு, புதன்கிழமை. சங்கரன் மாலையோடு வீட்டுக்கு வந்தார், சாந்தோம் பக்கத்துக் குயிபிள் தீவுக் கல்லறை வரைக்கும் கூடவே வந்து ஈர மண்ணில் ஷூ புதைய நின்றார். மூன்று வாரம் கழித்து மறுபடி வந்து, ஃப்ளோராவின் அண்ணன் பவுல்சாமியிடம் வேலை விஷயத்தைச் சொன்னார். பவுல்சாமி சைதாப்பேட்டை கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. எதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் நம்பமாட்டார். நியமனக் கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத் தங்கையிடம் நீட்டினார்.

“போ ஃப்ளோரா. வூட்ல உக்காந்துகினு இன்னா பண்ணப் போற? செவத்தப் பாத்துகினே இருந்தா பைத்தியம் புட்சிடும்” என்றார்.

ஃப்ளோரா போனாள். போகச் சொன்னார்கள், போனாள். அவ்வளவுதான். அதற்கு முன் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அரைநாள் டைப்பிஸ்டாக இருந்தாள். அங்கே ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தாள். காலையில் எழுந்து மகள் ஷில்பாவுக்கு டிபன் கட்டினாள், பன்னிரண்டு பி பஸ்ஸில் தொங்காமல் ஏறி இறங்கினாள், ஞாயிறு பூசைக்குப் போனாள், கோயில் வாசலில் கேட்டவர்களுக்கு நன்றாக இருப்பதாகச் சொன்னாள். அழவில்லை. அடக்கத்தன்றும் அழவில்லை. தைரியமான பெண் என்று கோயில் பங்குமக்கள் எல்லோரிடமும் பேர் வாங்கிவிட்டாள். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் கன்னம் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது, இல்லையா? ஃப்ளோராவுக்கு உடம்பு மொத்தமும் அப்படி இருந்தது. அதைத் தைரியம் என்று மற்றவர்கள் சொன்னால் அவள் என்ன செய்வாள்?

இனி அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அங்கேதான் இருக்கிறது.

இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் ஒரு காப்பீட்டு நிறுவனம். அவர்களுடைய ஏஜெண்டுகள் தங்கள் ஊரிலிருந்தபடியே இணையம் வழியாக விண்ணப்பங்களை அனுப்ப ஒரு பெரிய மென்பொருள் வேண்டும் என்று சங்கரனுக்கு ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். இருநூறு முந்நூறு பக்கங்கள், ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் அதை இயக்கும் கோப்புகள். இதையெல்லாம் கட்டுவதற்கென்று ஒரு கருவி மென்பொருள் வாங்கியிருந்தார் சங்கரன். அலுவலகத்தில் அதற்கு ஸ்டூடியோ என்று பெயர். எழுதுவது, பிழை பார்ப்பது, எல்லாக் கோப்புகளையும் சேர்த்து ஓடுகிற நிலைக்குக் கொண்டுவருவது, கடைசியில் கடல் தாண்டி லீட்ஸ் சர்வரில் ஏற்றுவது, எல்லாம் ஒரே ஜன்னலுக்குள். சேர்ப்பதற்கு பில்ட் என்றும் ஏற்றுவதற்கு டெப்ளாய் என்றும் பெயர். ஆளாளுக்கு ஒரு ஸ்டூடியோ வாங்குவதுதான் முறை. சங்கரன் ஒன்றுதான் வாங்கினார். புரோகிராமர்கள் ஆறு பேரும் சாதாரண நோட்பேடில் எழுதி, ஃப்ளாப்பியில் போட்டு, ரேஷன் கடையில் நிற்பது போல ஸ்டூடியோ இருக்கும் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். அந்த மேசைக்காரன் அதையெல்லாம் வாங்கி, புதுப் பக்கம் திறந்து, உள்ளே ஒட்டி, பில்ட் செய்து, எவன் கோப்பு உதைக்கிறது என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்து, எல்லாம் சரியானதும் டெப்ளாய் செய்வான். டெலிபோன் கோடு வழியாக டயல்-அப் இணைப்பில் ஏற நாற்பது நிமிடம் ஆகும். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் கோடு அறுந்தால் முதலிலிருந்து.

அந்த மேசைக்காரன் ஷெல்டன். இப்போது ஃப்ளோரா. அச்யுத் என்ற மூத்த புரோகிராமர் மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். டைப்பிஸ்ட் கை, பிழையில்லாத கை. ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். என்ன எழுதியிருக்கிறது என்பது புரியாது. எது எங்கே போக வேண்டும் என்பது தெரியும்.

முதல் நாளே ஒன்றைப் பார்த்தாள். புதுப் பக்கம் என்று பொத்தானை அமுக்கியதும் திரையில் வெறும் பக்கம் வரவில்லை. மேலே இரண்டு வரி தானாக வந்தது. ஆக்கியவர்: ஷெல்டன். அதற்குக் கீழே அன்றைய தேதி, 1998 செப்டம்பர் 14. ஸ்டூடியோவின் லைசென்ஸ் ஷெல்டன் பெயரில் பதிவாகியிருந்தது. யார் பெயரில் பதிவோ அவர் பெயரைத்தான் அது ஒவ்வொரு கோப்பின் தலையிலும் போடும். மாற்ற வேண்டுமானால் புது எண் வாங்க வேண்டும், பெயரும் எண்ணும் பொருந்தாவிட்டால் திறக்கவே திறக்காது. அச்யுத் சங்கடத்தோடு, “மேடம், அது... அப்புறம் மாத்திக்கலாம்” என்றான். ஃப்ளோரா தலையாட்டினாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பக்கத்தைத் திறந்தாள். ஆக்கியவர்: ஷெல்டன்.

அன்றைக்கு மாலைக்குள் ஷெல்டன் பதினேழு கோப்புகளை ஆக்கியிருந்தான்.

இப்போது சங்கரனின் கணக்குக்கு வருவோம். லீட்ஸ்காரர்கள் ஒப்பந்தத்தில் ஒரு விதி வைத்திருந்தார்கள். இந்த வேலைக்கு முக்கியமான நபர் ஷெல்டன், அவர் மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும், விருப்பமில்லாவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று. ஷெல்டன் செத்துப்போன வாரத்தில் வேலை பாதிதான் முடிந்திருந்தது. கம்பெனிக்கு இருந்த ஒரே வெளிநாட்டு ஒப்பந்தம் அது. போனால் பதினோரு பேரும் தெருவில். சங்கரன் பூஜை அறையில் உட்கார்ந்து யோசித்ததாக அவரே பிற்பாடு சொன்னார். யோசித்து, யாருக்கும் சொல்லவேண்டாம் என்று முடிவெடுத்தார். தப்பு செய்கிறோம் என்று தெரிந்தே, காதும் காதும் வைத்தாற்போல அதைச் செய்தார். அந்த நாற்காலியில் வேறு யாரை உட்காரவைத்தாலும் விஷயம் வெளியே போய்விடும். ஃப்ளோரா வாயைத் திறக்கமாட்டாள்.

“ஒரு மாசம்தாம்மா. முதல் கட்டம் வெளில போயிடட்டும். அப்புறம் நானே பக்குவமா சொல்லிடறேன். அதுவரைக்கும் ஷெல்டன் பேருக்கு வர்ற மெயிலுக்கு நீங்களே ரெண்டு வரி பதில் போட்டுண்டு இருங்கோ” என்றார்.

மெயில் அனுப்புவது ஹெலன் என்ற அம்மாள். லீட்ஸில் இந்த வேலைக்குப் பொறுப்பு அவள்தான். சங்கரன் மாதம் ஒருமுறை போனில் பேசுவார், மற்றதெல்லாம் ஹெலனுக்கும் ஷெல்டனுக்கும் இடையே மெயிலில்தான். இருவரும் ஒருவர் குரலை ஒருவர் கேட்டதில்லை. போனில் ஆங்கிலம் பேச ஷெல்டனுக்குக் கூச்சம்.

முதல் மெயிலுக்கு ஃப்ளோரா, ‘முடிந்தது. அன்புடன், ஷெல்டன்’ என்று அடித்தாள். இரண்டாவதற்கும் அதுவேதான். நான்காவது மெயிலில் ஹெலன், என்ன ஷெல்டன், தந்தி மாதிரி எழுதுகிறீர்கள், உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டிருந்தாள். மாட்டிக்கொள்ளக் கூடாதே என்றுதான் ஃப்ளோரா அவனுடைய பழைய மெயில்களைத் திறந்து, அவன் எப்படி எழுதுவான் என்று பார்த்தாள்.

இருநூற்றுச் சொச்சம் மெயில்கள். வீட்டில் பேப்பரை விரித்தால் பேப்பருக்குப் பின்னால் போய்விடுகிற ஆள். கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அவனா இதையெல்லாம் எழுதினான்? வடபழனியில் பஸ் சக்கரம் கழன்று பஸ்ஸுக்கு முன்னால் ஓடியதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தான். ஷில்பா கணக்கில் முப்பத்தொன்று வாங்கி அதை எண்பத்தொன்றாகத் திருத்திக்கொண்டு வந்ததை எழுதியிருந்தான். அது ஃப்ளோராவுக்கே தெரியாது. ஓரிடத்தில், என் மனைவி டைப் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் மழை என்று நினைத்துக் கொடியிலிருந்து துணி எடுக்க ஓடுவார் என்று எழுதியிருந்தான். ஃப்ளோரா அதை மூன்று தடவை படித்தாள். சிரிப்பும் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை. இதை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று மட்டும் தோன்றியது. அதையும் ஒரு தகவலாகத்தான் மனம் வாங்கி வைத்துக்கொண்டது.

அதன் பிறகு அவனைப் போலவே எழுதினாள். நவம்பர் மழையில் சாந்தோம் நெடுஞ்சாலையில் ஆட்டோ மிதந்ததை எழுதினாள். ஷில்பாவின் அரையாண்டுத் தேர்வைப் பற்றி எழுதினாள், கணக்கில் உண்மையாகவே ஐம்பத்தெட்டு. ஹெலனுக்கு ஒரு கிழட்டு நாய் இருந்தது, அதற்குக் கீல்வாதம், அதைப் பற்றி விசாரித்தாள். கிறிஸ்துமஸுக்கு ஹெலன், உங்கள் மனைவிக்கும் வாழ்த்து சொல்லுங்கள் என்று எழுதினாள். சொல்லிவிட்டேன், அவளும் உங்களுக்குச் சொல்லச் சொன்னாள் என்று ஃப்ளோரா பதில் போட்டாள். காலை பத்து மணிக்கு மோடம் கரகரவென்று சத்தம் போட்டு மெயில் இறங்கும் அந்த ஐந்து நிமிடமும், பதில் எழுதும் பத்து நிமிடமும்தான் நாளில் அவளுக்கு விரல் நுனியில் லேசாக உணர்வு இருக்கும். பிறகு ஃப்ளாப்பி வரிசை வந்துவிடும்.

சங்கரன் சொன்ன ஒரு மாதம் எட்டு மாதம் ஆயிற்று. டிசம்பரில் சொல்லலாம் என்றார், பொங்கல் போகட்டும் என்றார், மார்ச்சில் வருமானவரி வேலை என்றார். நல்ல மனிதர்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நினைப்பவர்கள் சங்கரனைப் பார்க்க வேண்டும். அவர் தினமும் சுவாமி கும்பிட்டுவிட்டு வந்து, நெற்றி நிறைய விபூதியோடு, நிம்மதியில்லாமல், விடாமல் அதை நடத்திக்கொண்டிருந்தார். ஃப்ளோராவும் கேட்கவில்லை. அவளுக்கு அவசரமில்லை.

மே மாத முதல் வாரம் லீட்ஸிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. ஜூனில் மென்பொருளை ஏஜெண்டுகளுக்குத் திறந்துவிடப்போகிறோம். கடந்த எட்டு மாதத்தில் நானூற்றுப் பதினோரு கோப்புகளை ஷெல்டன் உருவாக்கியிருக்கிறார், ஒன்றுகூடத் தவறான இடத்தில் ஏறவில்லை, எங்கள் ஆட்கள் பிரமித்துப்போயிருக்கிறார்கள். திறப்பின்போது இரண்டு வாரம் அவர் இங்கே இருக்க வேண்டும், செலவு எங்களுடையது. விசாவுக்கு அழைப்புக் கடிதம் தயாராகிறது, பாஸ்போர்ட் எண்ணை அனுப்பவும். இதுதான் சாரம். கீழே ஹெலன் கையாலேயே ஒரு வரி எழுதியிருந்தாள். ஒருவழியாக உங்களைப் பார்க்கப்போகிறேன் என்று.

சங்கரன் கதவைச் சாத்திக்கொண்டு அச்யுத்தையும் ஃப்ளோராவையும் கூப்பிட்டார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் வேர்த்திருந்தது அவருக்கு. இப்போது போய் செத்துவிட்டார் என்று சொன்னால் ஏன் எட்டு மாதம் மறைத்தாய் என்பார்கள், ஒப்பந்தம் போகும், மோசடி என்று கேஸ்கூடப் போடுவார்கள் என்றார். அவரிடம் வேறொரு யோசனை இருந்தது.

“ஷெல்டன் வேலையை விட்டுட்டு சிங்கப்பூர் போயிட்டார்னு சொல்லிடலாம். போன வாரம்தான் போனார், அச்யுத் அந்த இடத்துக்கு வந்துட்டான்னு. இது தினம் நடக்கறதுதானே, யாரும் தப்பா எடுத்துக்கமாட்டா. யாருக்கும்மா இதனால நஷ்டம்?”

அச்யுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இங்கிலாந்து போகப்போவது அவன். அந்தக் கோப்புகளில் முக்கால்வாசியை எழுதியதும் அவன்தான். இருந்தாலும் அவனுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சங்கரன் ஃப்ளோராவைப் பார்த்தார். ஹெலனோடு இவ்வளவு நாள் எழுதிக்கொண்டிருந்ததால், ஷெல்டன் பெயரிலேயே ஒரு விடைபெறும் மெயில் போட்டுவிட்டால் சந்தேகமே வராது, வெள்ளிக்கிழமைக்குள் போட்டுவிடுங்கள் என்றார். ஃப்ளோரா சரி என்றாள். எல்லாவற்றுக்கும் சரி என்கிறவள்தானே.

வெள்ளிக்கிழமை உட்கார்ந்தாள். நிமிடத்துக்கு அறுபது வார்த்தை அடிக்கிற கை. ‘அன்புள்ள ஹெலன்’ என்று அடித்துவிட்டு நின்றது. என்ன சிரமம், நான்கு வரி. நல்ல வேலை கிடைத்தது, சிங்கப்பூர் போகிறேன், உங்கள் நாயைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பொய்யென்று பார்த்தால் எட்டு மாதம் எழுதியதும் பொய்தான். அதுவுமில்லாமல் அவளுக்கு இன்னொன்றும் தோன்றியது, அது கொஞ்சம் பயமாகவும் இருந்தது. சிங்கப்பூர் போனவன் அங்கேயே இருப்பான். லீட்ஸில் ஒருத்தி என்றைக்காவது தேநீர் குடிக்கும்போது, அந்த ஷெல்டன் இப்போது என்ன செய்துகொண்டிருப்பான் என்று நினைப்பாள். அவனுக்கு நாற்பது ஆகும், ஐம்பது ஆகும், தொப்பை விழும். உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம் அவன் உயிரோடு இருக்கிறான், அவளிடம் அவனை அப்படியே விட்டுவைக்கலாம். அதற்கு வேண்டியது நான்கு வரி. ஃப்ளோரா மாலை ஐந்தரை வரைக்கும் அந்த இரண்டு வார்த்தைக்குக் கீழே கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அதை அழித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். சங்கரன் கேட்கவில்லை, போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அவள் கையில் ஒரு வேலை கொடுத்து இதுவரை நடக்காமல் இருந்ததில்லை.

திங்கட்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு லீட்ஸிலிருந்து போன். அங்கே காலை பத்து. சங்கரனின் அறையில் ஒலிபெருக்கி வைத்த போனைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். டெப்ளாய் பற்றி ஏதாவது கேட்டால் குறிப்பெழுதிக் கொடுப்பதற்காக ஃப்ளோராவையும் உட்காரச் சொல்லியிருந்தார். ஹெலனின் குரல் வந்தது. ஃப்ளோரா நினைத்திருந்ததைவிட வயதான குரல், கொஞ்சம் மூச்சு வாங்கியது. இன்றைக்காவது ஷெல்டன் பேசுவாரா என்று சிரித்தபடி கேட்டாள்.

சங்கரன் ஒத்திகை பார்த்ததைச் சொன்னார். திடீரென்று நடந்துவிட்டது, சிங்கப்பூரில் பெரிய கம்பெனி, இளைஞர்களை நாம் தடுக்க முடியுமா. ஆனால் வேலை ஒன்றும் கெடாது, அச்யுத் என்று ஒருவர் இருக்கிறார். எல்லாம் அழகாகவே வந்தது. கோடு அறுந்துவிட்டதோ என்று அச்யுத் குனிந்து போனைப் பார்த்தான்.

எப்போது போனார் என்று ஹெலன் கேட்டாள். போன வாரம் என்றார் சங்கரன், உங்களுக்குக்கூட மெயில் போட்டிருப்பாரே.

இல்லை என்றாள் ஹெலன். புதன்கிழமை வழக்கம்போல எழுதினார், நாய்க்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருந்தார். வேலையை விடுவதாக ஒரு வார்த்தை இல்லை.

சங்கரன் ஃப்ளோராவைத் திரும்பிப் பார்த்தார். ஃப்ளோரா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெலன் லேசாகச் சிரித்தாள், சிரிப்பு சரியாக வரவில்லை. சரி, பரவாயில்லை என்றாள். ஒன்றரை வருடம் பழகினவர் சொல்லிக்கொண்டு போயிருக்கலாம். இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போகிற ஆள் என்று நான் நினைக்கவில்லை, நான்தான் அவரைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

ஃப்ளோரா குறிப்பெழுத வைத்திருந்த பேனாவைக் கீழே வைத்தாள். சொல்லாமல் கொள்ளாமல் போனான். அது அவளுடைய புகார் அல்லவா? ஒன்பதாம் நாள் இரவு அவன் நினைவு தப்பியது. அன்று மாலை அவள் ஆஸ்பத்திரியிலிருந்து ஷில்பாவைக் கூட்டிவர வீட்டுக்குப் போயிருந்தாள், திரும்பி வந்தபோது தூங்குகிறார் என்றார்கள். அதற்குப் பிறகு அவன் கண்ணைத் திறக்கவேயில்லை. பதினாறு வருடம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு வார்த்தை, வரேன் என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கோபத்தைத்தான் இந்த ஒன்பது மாதமாக, கோபம் என்றே தெரியாமல், உடம்பு மரத்துப்போய் அவள் சுமந்துகொண்டிருந்தாள். செத்தவன்மேல் கோபப்படுகிறவளை எந்த ஊரில் நல்ல பெண் என்பார்கள்? இப்போது எங்கோ கடலுக்கு அப்பால் ஒருத்தி அதே குறையை அவன்மேல் சொல்கிறாள். கேட்டதும் ஃப்ளோராவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவனை அப்படிச் சொல்ல இவள் யார்?

“அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை” என்றாள் ஆங்கிலத்தில், போனை நோக்கிக் குனிந்து. “அவருக்குச் சொல்லிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. அவர் இறந்துவிட்டார்.”

சங்கரன் போனைத் துண்டிக்கக் கையை நீட்டினார், பொத்தானை அமுக்கவில்லை, கையை அப்படியே மேசையில் வைத்துக்கொண்டார். யார் பேசுவது என்று ஹெலன் கேட்டாள். அவர் மனைவி என்றாள் ஃப்ளோரா. எப்போது என்று கேட்டாள். போன ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி. அப்படியானால் எனக்கு எழுதிக்கொண்டிருந்தது? நான்தான். ஷில்பா கணக்கில் ஐம்பத்தெட்டு வாங்கியது? அது நிஜம்.

பிறகு ஹெலன், உங்கள் பெயர் எனக்குத் தெரியும் ஃப்ளோரா, நீங்கள் டைப் அடித்தால் மழை பெய்யுமாமே என்றாள். மேலிடத்தில் பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சங்கரனிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லி முடித்துவிடலாம். சங்கரன் நான்கு பக்கம் மன்னிப்புக் கடிதம் எழுதினார். வேலையில் குறையில்லாததால் லீட்ஸ்காரர்கள் முறைத்துக்கொண்டே தொடர்ந்தார்கள். ஜூனில் அச்யுத் போய்விட்டு வந்தான். ஸ்டூடியோவுக்குப் புது எண் வந்தது, ஃப்ளோராவின் பெயரில். ஆனால் அன்றைக்கு மதியம் இது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. பதினோரு பேர் வேலை போயிற்று என்றே சங்கரன் நினைத்தார்.

அச்யுத் தண்ணீர் கொண்டுவர வெளியே போனான். ஃப்ளோரா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இதுவரை அந்தச் செய்தியை அவள் வாயால் யாருக்கும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எல்லோருக்கும் போன் போட்டது பவுல்சாமி. பங்கு ஆபீஸில் எழுதிக் கொடுத்தது, கேஸ் ஏஜென்சியில் பெயர் மாற்றியது எல்லாம் அவர்தான். காய்கறிக்காரர் கேட்டபோதுகூட ஷில்பாதான் சொன்னாள். இப்போது முதல்முறையாகச் சொல்லிவிட்டாள். சொல்ல வேண்டிய கடைசி ஆளிடம் சொல்லியாயிற்று. இனி எந்த ஊரிலும், யாருக்கும், ஷெல்டன் உயிரோடு இல்லை.

அவள் சங்கரனை நிமிர்ந்து பார்த்தாள், ஏதோ அப்போதுதான் கேள்விப்பட்ட ஒன்றை அவருக்குச் சொல்ல வந்தவள் போல.

“அவரு செத்துட்டாரு சார்” என்றாள்.

கல்லறையில் பக்கத்தில் நின்று மண் அள்ளிப் போட்ட மனிதர் அவர். தெரியுமே என்று சொல்லவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

“ஆமாம்மா” என்றார்.

ஃப்ளோரா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். வெளியே ஃப்ளாப்பியோடு வரிசையில் நின்ற பையன்களுக்குக் கேட்கிற மாதிரி, கூச்சமே இல்லாமல், சத்தம் போட்டு அழுதாள்.